நூல் கணக்கு

கடலே இல்லாத சேலத்தில் ஒருவன் எதற்காகப் படகு கட்டுகிறான் என்று அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவினர் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். மேட்டூரில் பரிசல் பார்த்து வளர்ந்தவன் என்பதைத் தவிர என்னிடமும் பதில் இல்லை.

நான் வாங்கிய வரைபடம் பத்தடித் துடுப்புப் படகுக்கானது. பிளைவுட் பலகைகளை வெட்டி, விளிம்புகளில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எபாக்சி போன்ற இறுகும் பிசினாலும் கண்ணாடியிழை நாடாவாலும் இறுக்கும் இம்முறை, 1960களில் இங்கிலாந்தின் மிர்ரர் என்ற சிறு பாய்மரப் படகின் வழியாகப் பரவலாயிற்று.

பலகையின் வளைவைக் குறிக்கும் அளவுப் பட்டியலில் 1-4-6 என்பது போன்ற எண்கள் இருந்தன. ஓரடி, 4.6 அங்குலம் என்று படித்துக்கொண்டு, அடிக்கு ஓர் ஆணி அடித்து, மெல்லிய ரீப்பரை அவற்றின் மேல் வளைத்தேன். சில ஆணிகளைத் தொடாமல் அது விலகியே நின்றது. ரீப்பரில்தான் கோணல் என்று எண்ணி வேறொன்று வாங்கினேன். ஒரு பலகையை வெட்டியும் விட்டேன்.

பக்கத்து வீட்டில் கதவு இழைக்க வந்திருந்த ஆசாரி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அந்த விளிம்பைப் பார்த்துவிட்டுத் தாளைக் கேட்டு வாங்கினார். "இது புள்ளி இல்லீங்க தம்பி, நூலு."

அங்குலத்துக்கு எட்டு நூல். ஆகவே 4-6 என்பது நாலே முக்கால் அங்குலம். கடைசி இலக்கம் 1 ஆக இருந்த இடங்களில் என் பிழை கண்ணுக்கே தெரியாது. 7 வந்த இடங்களில் அது ஒன்றரை நூலை நெருங்கியது. வளைவு அலை அலையாகப் போனதற்கு அதுதான் காரணம். பட்டியல் முழுவதிலும் கடைசி இடத்தில் 8, 9 வரவே இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை, கணக்குப் பாடம் படித்தவன்தான். வெட்டிய பலகை இப்போது சமையலறையில் அலமாரித் தட்டாக இருக்கிறது.

பிளைவுட் எட்டடிதான் என்பதால் இரண்டு பலகைகளைச் சாய்வாக இழைத்து ஒட்ட வேண்டியிருந்தது. சாய்வு தடிமனைப் போல் எட்டு மடங்கு, அதாவது 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. இழைக்க இழைக்க அடுக்குகள் பட்டைகளாகத் தெரியும். பட்டை நேராக ஓடினால் சாய்வு சரி, நெளிந்தால் அந்த இடத்தில் இழைப்புளி ஆழ்ந்துவிட்டது என்று பொருள். இதை ஆசாரி கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். கதவைவிட இது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

சித்திரை வெயிலில் எபாக்சி வேறு பாடம் கற்பித்தது. டம்ளரில் கலந்து வைத்த கலவை தன் சூட்டிலேயே மேலும் சூடேறிப் புகைந்து கல்லாகிவிட்டது. இப்போது விடியுமுன் எழுந்து, சூடு தங்காதபடி அகன்ற தட்டில் சிறிது சிறிதாகக் கலக்கிறேன். அடிமூட்டுகள் முடிந்துவிட்டன. படகின் முன்முனையான அணியத்தில் மட்டும் தையல் கம்பிகள் இன்னும் உருவப்படாமல் நீட்டிக்கொண்டிருக்கின்றன.