தாஸ்கா வாசலில் ஒரு ஜோடி செருப்பு

நேற்று கோலாலம்பூர் செந்தூலில் எல்ஆர்டி ரயிலை விட்டு இறங்கும்போதே மணி ஏழு. தாஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு மையத்தின் வாசலில் என் மகளின் செருப்பு மட்டும்தான் கிடந்தது. பையை மாட்டிக்கொண்டு, கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தாமதத்துக்குத் தனிக் கட்டணம். பார்த்துக்கொள்ளும் அக்காவைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

தாஸ்காவுக்கு மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிறேன். என் தங்கைக்குக் குறைந்தபட்சச் சம்பளம், 1,700 வெள்ளி. இரண்டு பிள்ளைகளையும் தாஸ்காவில் விட்டால் கையில் என்ன மிஞ்சும்? போன மாதம் வேலையை விட்டுவிட்டாள். ஆறு வருட வேலைங்க.

பதிவுபெற்ற தாஸ்கா, பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வரிக்கழிவு உண்டு. எனக்கு உதவுகிறது. ஆனால் வரி கட்டும் அளவுக்கே சம்பளம் இல்லாத என் தங்கைக்கு அதில் ஒரு காசு கிடையாது. உதவி அதிகம் தேவைப்படுவது அவளுக்குத்தானே!

2023-இல் தனியார் துறையில் பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கினார்கள், அப்பாக்களுக்கும் 7 நாள். மனசார வரவேற்றேன். 99-ஆம் நாள் கைக்குழந்தையை யாரிடம் கொடுப்பது?

வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தாஸ்கா கட்டணத்தில் பாதியையாவது அரசாங்கம் நேரடியாகத் தாஸ்காவுக்கே கட்டட்டும். உங்கள் தொகுதி எம்பியிடம் இதைக் கேளுங்கள். நான் இந்த வாரம் கடிதம் கொடுக்கிறேன்.