இரண்டு மழைக்கு நடுவே தேன்பெட்டி

ஜூன் 2, இடவம்

இடவ மாதத்து மழையான இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டது. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் தேன்பெட்டிக்கு இனி செப்டம்பர் வரை பஞ்ச காலம். தென்னம்பூவில் மகரந்தம் இருக்கும், ஆனால் போய் எடுக்க மழை விடணுமே.

முதல் வேலை, மேலே இருக்கும் தேன் அறையைக் கழற்றுவது. அடுத்தது அதன் கீழே, ராணி முட்டையிட்டுப் புழு வளரும் புழு அறை. நாம் வைக்கும் நியூட்டன் வகைப் பெட்டியில் அடை கட்ட 7 மரச்சட்டம் இருக்கும். அதில் தேனீ மூடி நிற்கும் அடைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடணும். ஈ மூடாத அடையில்தான் மெழுகுப்பூச்சி முட்டையிடும். வாசலையும் ஒன்றிரண்டு ஈ நுழையும் அளவுக்குச் சுருக்குங்கள். பெட்டியை வாசல் பக்கம் ஒரு விரற்கடை சரித்து வைத்தால், உள்ளே அடிக்கும் சாரல் தேங்காமல் வடிந்துவிடும்.

ஜூன் 19

இரண்டு வாரமாக வெயில் முகமே இல்லை. சர்க்கரைப் பாகு தொடங்கவேண்டிய நேரம். பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை, அதே அளவு தண்ணீர். காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைக்கணும். மேலே நாலைந்து ஈர்க்குத் துண்டு மிதக்கவிடுங்கள். நிற்க இடம் இல்லாவிட்டால் பாகிலேயே விழுந்து சாகும்.

பாகு வைப்பது பொழுது சாய்ந்த பிறகுதான், அதுவும் எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில். பகலில் வைத்தாலோ, வெளியே ஒரு துளி சிந்தினாலோ, பலமான பெட்டியின் ஈக்கள் மெலிந்த பெட்டிக்குள் புகுந்து கொள்ளையடிக்கும். வாசலில் ஈக்கள் கட்டிப்புரள்வதைப் பார்த்தால் அந்தப் பெட்டிக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வாசலை இன்னும் சுருக்கிவிடுங்கள்.

ஜூலை 24, கற்கடகம்

எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் தாங்குகாலின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறோம். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் வற்றாது, ஆனால் ஒரு ரப்பர் இலை விழுந்து குறுக்கே கிடந்தால் அதுவே எறும்புக்குப் பாலம். பாகு வைக்கப் போகும்போதெல்லாம் கிண்ணத்தையும் பாருங்கள். அடிப்பலகையில் மெழுகுத்தூளும் கருப்பு எச்சமும் சேர்ந்திருந்தால் சுரண்டி எடுத்துவிடணும். மெழுகுப்பூச்சியின் புழு முதலில் வளர்வது அங்கேதான். அடையில் வெள்ளை நூல்வலை ஓடியிருந்தால் அந்த அடையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், உருக்கிவிடுங்கள்.

அக்டோபர் 24, துலாம்

பெட்டி பிரிக்கும் காலம். ஈ பெருகி, ஆண் ஈயும் கண்ணில் பட ஆரம்பித்தால் பிரிக்கலாம். மூடிய ராணி அறை இருக்கும் அடையோடு, புழு அடை இரண்டு, தேனும் மகரந்தமும் உள்ள அடை ஒன்று எடுத்துப் புதுப் பெட்டிக்கு மாற்றவேண்டும். பழைய ராணி பழைய பெட்டியிலேயே இருக்கட்டும். ராணி அறை அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலைபோலத் தொங்கும். அந்தச் சட்டத்தை உதறவோ தலைகீழாகப் பிடிக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் ராணிக்குஞ்சு சேதப்பட்டால் வெளியே தெரியவே தெரியாது.

நம் மாவட்டத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. துலா மழை (வடகிழக்குப் பருவமழை) காலையில் வெயில் காட்டி, மத்தியானத்துக்கு மேல் இடியோடு இறங்கும். நாட்டுத் தேனீயின் ஆண் ஈ பறப்பதும், புது ராணி இணைசேரப் போவதும் அதே மத்தியானத்தில்தான். பத்து நாள் தொடர்ந்து இப்படிப் பெய்தால் ராணி வெளியே போகவே வழியில்லை. பிரித்து மூன்று வாரம் கழித்து அடையைத் திறந்து பாருங்கள். அடையின் சின்ன அறை ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை, அடியில் நட்ட மாதிரி நின்றால் ராணி சரியாகிவிட்டது. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் வேலைக்கார ஈ முட்டையிடுகிறது என்று அர்த்தம். அப்புறம் அந்தப் பெட்டி தேறுவது கஷ்டம். ராணியுள்ள பெட்டியோடு, நடுவே ஊசியால் துளையிட்ட செய்தித்தாள் வைத்துச் சேர்த்துவிடலாம். மழை ஓயாத வருஷத்தில் எல்லாப் பெட்டியையும் ஒரே வாரத்தில் பிரிக்காமல், பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டு பங்காகப் பிரிப்பது நல்லது.

நவம்பர் 20

புழு அறையைப் பார்க்கும்போது, தலை மேலே தூக்கி, பைபோல நீர் கோத்துச் செத்த புழு இருக்கிறதா என்று கவனியுங்கள். 1991-92இல் இந்தப் பக்கத்துப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்த நோய் இதுதான். வைரஸ் என்பதால் மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் அடையை இன்னொரு பெட்டிக்கு மாற்றாதீர்கள், தொட்ட கையோடு அடுத்த பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். நோயைத் தாங்கிப் பிழைத்த பெட்டியிலிருந்து மட்டும் புதிது பிரிப்பது ஒன்றே வழி.

ஜனவரி 18, மகரம்

ரப்பர் இலை முழுக்க உதிர்ந்து, செம்புநிறத் தளிர் விட்டிருக்கிறது. இங்கே தேன் ரப்பர் பூவிலிருந்து வருவதில்லை. இளந்தளிரில் மூன்று இலையும் காம்போடு சேரும் இடத்தில் சின்ன சுரப்பிகள் இருக்கின்றன. காலையில் அந்த இடத்தைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். மார்த்தாண்டம் தேன் என்று 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய தேனுக்கு இந்தச் சுரப்பியே பெரிய ஆதாரம்.

பாகு கொடுப்பதை தேன் அறை ஏற்றுவதற்கு முன்பே நிறுத்தியிருக்கணும். இல்லையென்றால் சர்க்கரை தேனோடு கலக்கும், அது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம்.

தேன் வரும் இதே வாரங்களில் தோட்டத்தில் நிழலே இருக்காது. ஆறு மாதம் நிழலில் இருந்த பெட்டியின்மேல் நேர் வெயில் விழும். மேலே இரண்டு தென்னங்கீற்று போட்டு, பக்கத்தில் ஆழமில்லாத பாத்திரத்தில் கூழாங்கல்லோடு தண்ணீர் வையுங்கள். கிண்ணத் தண்ணீரும் இப்போது சீக்கிரம் வற்றும்.

பிப்ரவரி 12

தேன் அடையில் முக்கால்வாசி மெழுகு மூடியபிறகே எடுக்கணும். ரப்பர் தேன் நீர்த்தது. அவசரப்பட்டு மூடாத அடையைத் தேன் எடுக்கும் எந்திரத்தில் சுற்றினால் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி, இரண்டு மாதத்தில் நுரைத்துப் புளிக்கும். புழு அறை அடையை எந்திரத்தில் வைக்கவே வேண்டாம். வடிகட்டிய தேனைத் தண்ணீருக்குள் பாத்திரம் வைத்துச் சூடாக்கலாம், 65 டிகிரிக்கு மேல் போகாமல். மூடிவைத்துச் சூடாக்கினால் ஈரம் குறையாது, புளிக்கவைக்கும் நுண்ணுயிர்தான் சாகும்.

மார்ச் 9, கும்பம்

மூன்று நாளாக விடியலில் பனிமூட்டம். தளிரில் சாம்பல்நோய் பிடித்து இலை சுருண்டு விழுகிறது. இலை போனால் தேனும் போச்சு. ஒரு நல்ல கோடை மழை பெய்தாலும் சுரப்பி கழுவப்பட்டு, இரண்டு மூன்று நாள் வரத்து நிற்கும். அந்த நாட்களில் பெட்டியைத் திறக்காமல் விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 21

இலை முற்றிக் கரும்பச்சையாகிவிட்டது, வரத்து முடிந்தது. கடைசியாகச் சுற்றும்போது புழு அறையின் மேல்விளிம்பில் உள்ள தேனை அப்படியே விட்டுவிடணும். இடவ மழைக்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது.