பேசுவதற்காக எடுத்த ஆள்

அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். 8 வருடமாகப் புரோகிராம் எழுதுகிறவர், ஆனால் எங்கள் ஏபிஐயை, அதாவது மற்றவர்களுடைய மென்பொருள் எங்கள் சேவையோடு பேசுவதற்கான வாசலை, அதுவரை தொட்டதில்லை. 'தொடங்குவது எப்படி' பக்கத்தைத் திறந்தார், முதல் கட்டளையைக் காப்பி செய்து, கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் ஒட்டி எண்டர் தட்டினார். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தது. மறுபடி ஒட்டினார், மறுபடி அதே எரர். எங்கள் லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, சரியாக இறங்கவில்லையோ என்று வேறொரு டேபைத் திறந்து என்னென்னவோ தேட ஆரம்பித்தார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கட்டளைக்கு முன்னால் நாங்கள் ஒரு டாலர் குறி போட்டிருந்தோம். 'இது டெர்மினலில் அடிக்க வேண்டிய வரி' என்று காட்டுவதற்கான வழக்கமான அடையாளம் அது, கட்டளையில் சேராது. பக்கத்தில் இருந்த காப்பி பட்டனோ அந்தக் குறியையும் சேர்த்தே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. டாலர் என்ற பெயரில் ஒரு புரோகிராமைத் தேடிய ஷெல், டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டுவது அதுதான், அப்படி ஒன்றும் இல்லை என்று கையை விரித்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதவக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட விதி. நாலைந்து நிமிடம் கழித்து அவரே கண்டுபிடித்தார். திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி, "என் தப்புதான், கவனிக்கல" என்றார்.

எனக்கு அந்தப் பேச்சுதான் உறுத்தியது. தப்பு எங்களுடையது. அவர் தனியாக உட்கார்ந்து செய்திருந்தால் அது எங்கள் காதுக்கு வந்தே இருக்காது. தன் மேல்தான் தப்பு என்று நினைக்கிறவர் எதற்குப் புகார் எழுதப்போகிறார்? தட்டுத்தடுமாறித் தாண்டிப் போவார், இல்லையென்றால் டேபை மூடிவிட்டு இன்னொருவருடைய ஏபிஐயைப் பார்க்கப் போய்விடுவார்.

என்னை வேலைக்கு எடுத்தது இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதற்காக அல்ல, பேசுவதற்காக. டெவலப்பர் ரிலேஷன்ஸ், சுருக்கமாக டெவ்ரெல், என்றால் மேடை ஏறுவது, டெமோ காட்டுவது, ஸ்டிக்கர் கொடுப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த வேலையின் பூர்வீகமே பேச்சுதானே. 1984இல் மெக்கின்டாஷ் வெளிவந்த காலத்தில், அதற்கு மென்பொருள் எழுதும்படி மற்ற நிறுவனங்களை இணங்க வைப்பதற்கென்றே ஆப்பிள் ஆட்களை வைத்திருந்தது. மைக் பாய்ச், கை கவசாகி என்ற இருவரும் அப்படி வந்தவர்கள். 'இவாஞ்சலிஸ்ட்' என்றுதான் அவர்களை அழைத்தார்கள், சுவிசேஷம் சொல்கிறவர்களுக்கு உள்ள அதே சொல். மென்பொருள் இல்லாத கணினியை யாரும் வாங்கமாட்டார்கள், யாரும் வாங்காத கணினிக்கு எவரும் மென்பொருள் எழுதமாட்டார்கள். அந்த முடிச்சை வாய்ப்பேச்சால்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு டெவலப்பர் நம் பேச்சைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. ஒரு சாயங்காலம் தானே ஓட்டிப் பார்க்கிறார். மேடையில் நான் எவ்வளவு அழகாகப் பேசியிருந்தாலும் அந்த டாலர் குறி வரைக்கும்தான் அது தாங்கும்.

அதிலிருந்து மாதத்துக்கு ஒருவரையாவது பிடித்து உட்கார வைத்தேன். எந்த இடத்தில் நின்றார், எந்த இடத்தில் பெருமூச்சு விட்டார், எந்த வரியை இரண்டு முறை படித்தார் என்று நேரத்தோடு எழுதிக்கொள்வேன். இந்தத் தொழிலில் இதை ஃப்ரிக்‌ஷன் லாக் என்பார்கள். நான் உரசல் குறிப்பு என்று எழுதிவைத்தேன், டீமில் சிலர் சிரித்தார்கள், பெயர் நின்றுவிட்டது. ஐந்து பேரைக் கவனித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2000இல் ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கோ மூன்றாவது ஆளிலேயே அடுத்து எங்கே தடுக்குவார் என்று சொல்ல முடிந்தது.

உட்கார வைத்துப் பார்க்காமலேயே தெரிந்த தடுக்கல் ஒன்றும் இருந்தது. எங்கள் அரட்டைக் குழுவில் வாரம் தவறாமல் யாராவது ஒருவர் வந்து கேட்பார்: 'வெப்ஹூக் சிக்னேச்சர் பொருந்தவில்லை. ரகசியச் சாவி சரியாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது?'

எங்கள் பக்கம் ஒரு நிகழ்வு நடந்தால் எங்கள் சர்வர் அவர்களுடைய சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பும். அதுதான் வெப்ஹூக். அது எங்களிடமிருந்து வந்ததுதானா, நடுவில் யாராவது புகுந்து எழுதியதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகச் செய்தியையும் ரகசியச் சாவியையும் சேர்த்து ஹெச்மேக் முறையில் ஒரு கையொப்பம் (சிக்னேச்சர்) கணக்கிட்டு, செய்தியின் தலைப்பகுதியான ஹெட்டரில் வைத்து அனுப்புவோம். பெறுகிறவர் அதே கணக்கைத் தன் பக்கம் போட்டு ஒப்பிட வேண்டும். கணக்கு போடுவது அனுப்பிய பைட்டுகளின் மேல். செய்தி போவது ஜேசான் என்ற எழுத்து வடிவில். பெறுகிறவர் பயன்படுத்தும் பல ஃபிரேம்வொர்க்குகளோ ஜேசானைக் கண்டதும் தாமாகவே பிரித்து ஆப்ஜெக்டாக்கிக் கையில் கொடுத்துவிடும். அதைத் திரும்ப எழுத்தாக்கினால் எங்கோ ஒரு இடைவெளி காணாமல்போகும், 10.0 என்பது 10 ஆகிவிடும். படிக்கிற மனிதருக்கு இரண்டும் ஒன்றுதான். ஹெச்மேக்குக்கு அப்படி இல்லை. ஒரு பைட் மாறினால் விடை அடியோடு மாறிவிடும்.

இந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் எங்கள் லைப்ரரியை எழுதிய பொறியாளரிடம் போனேன். "டாக்குமென்டேஷன்லயே இருக்கே. படிக்காம வந்து கேக்கறாங்க, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்றார். உண்மைதான். மூன்றாவது பத்தியில், வந்த செய்தியின் உடலை அப்படியே பயன்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. கேள்விகளையெல்லாம் ஒரு ஷீட்டில் தொகுத்து மீட்டிங்கில் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த ரிலீஸில் ஒன்றும் வரவில்லை. ஷீட்டைப் பார்த்து மனம் மாறியவர் யாரையும் நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அப்புறம் வேறு வழியில் போனேன். புது மின்னஞ்சல் முகவரி, புதுக் கணக்கு, எங்கள் உள் கருவிகள் எதுவும் இல்லாத ஒரு லேப்டாப். "வெளி ஆள் மாதிரி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க" என்று அவரிடம் கொடுத்தேன். "அரை மணி நேரம்" என்றார். "அரை மணியில் முடிச்சிட்டீங்கன்னா இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்" என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். திரையில் 'சிக்னேச்சர் செல்லாது' என்று இருந்தது. அவர் கைப்பட எழுதிய எரர் செய்தி. முகவாயில் கை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவரிடமிருந்து ரிவ்யூவுக்கு ஒரு மாற்றம் வந்திருந்தது. உள்ளே வருவது ஆப்ஜெக்டாக இருந்தால் லைப்ரரி அங்கேயே நிறுத்தி, 'நீங்கள் தந்திருப்பது பிரித்த ஜேசான். வந்த உடல் அப்படியே வேண்டும்' என்று சொல்லும். மொத்தம் ஏழெட்டு வரிதான். ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலர், அதாவது எழுதிய நிரலைக் கணினிக்கு ஏற்ப மாற்றும் மென்பொருள், 2016இல் தன் எரர் செய்திகளின் வடிவத்தையே எல்ம் மொழியைப் பார்த்து மாற்றிக்கொண்டது. தப்பு எந்த வரியில் என்று காட்டி, அதற்குக் கீழேயே ஏன் தப்பு என்றும் சொன்னது. ரஸ்ட் கஷ்டம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள்கூட அந்த எரர் செய்திகளைத் திட்டி நான் கேட்டதில்லை. மாட்டிக்கொண்டவர் கட்டாயம் படிக்கப்போகிற வரி எரர் செய்திதான். மூன்றாவது பத்தியை யார் பார்க்கப்போகிறார்கள்?

அந்தக் கேள்வி வருவது அநேகமாக நின்றுவிட்டது. காலாண்டு முடிவில் மேனேஜர் கூப்பிட்டார். "குழுவில் நடமாட்டம் குறைஞ்சிருக்கே, ஏன்?" திரையில் கீழே சரியும் ஒரு கோடு. அது நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த கோடு! விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், நியாயமான மனிதர். பிறகு, "சரி, அப்ப உங்க வேலையை எதை வெச்சு அளக்கறது?" என்றார்.

முழுதான பதில் இன்றும் என்னிடம் இல்லை. கணக்குத் திறந்ததிலிருந்து ஏபிஐக்கு முதல் அழைப்பு வெற்றிகரமாகப் போகும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறோம். அது ஓரளவுக்கு உதவும். ஆனால் முதல் அழைப்பு காப்பி-பேஸ்ட்டிலேயே போய்விடும். ஆறாவது வாரத்தில் வெப்ஹூக்கோடு மல்லுக்கட்டி நொந்துபோகிறவரை அந்த எண் காட்டாது.

குழுவை நான் கெடுத்த கதையையும் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் எந்தக் கேள்வி வந்தாலும் ஐந்து நிமிடத்தில் பதில் போட்டுவிடுவேன், ராத்திரியாக இருந்தாலும். அதில் ஒரு மிதப்பு. ஒருமுறை காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். பதில் இல்லாத கேள்விகள் மலையாகக் குவிந்திருக்கும் என்று பயந்துகொண்டுதான் திறந்தேன். முக்கால்வாசிக்குப் பதில் இருந்தது. அதுவரை நான் பெயரே பார்த்திராத ஆட்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர் தப்பாகச் சொல்ல, இன்னொருவர் பதமாகத் திருத்தியிருந்தார். எங்கள் எஸ்டிகேயை, ஏபிஐயைப் பயன்படுத்த நாங்கள் தரும் கருவித்தொகுப்பை, மிகப் பழைய ஒரு சர்வரில் ஓட்டிக்கொண்டிருந்தவர் கொடுத்த ஒரு பதிலை என்னால் கொடுத்திருக்கவே முடியாது. நான் அந்த மாதிரி சர்வரைத் தொட்டதில்லை.

கம்பெனி ஆள் பதில் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வாய் திறக்க மற்றவர்களுக்குத் தயக்கம். அன்றிலிருந்து, பாதுகாப்பு அல்லது பணம் சம்பந்தப்பட்ட விஷயம் தவிர மற்றவற்றுக்கு அரை நாள் பொறுத்துத்தான் எழுதுவேன். பதிலளிக்கும் நேரம் கூடிவிட்டதாக இன்னொரு கோடு மேலே ஏறியது. அதற்கும் ஒரு மீட்டிங் நடந்தது.

இணையக் குழுக்களில் 90 சதவீதம் பேர் படித்துவிட்டுப் போவார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சம் 1 சதவீதம்தான் பாரத்தைச் சுமக்கும் என்று 2006இல் எழுதியதும் அதே நீல்சன்தான். எங்கள் குழுவில் அந்த ஒன்றைச் சேர்ந்தவர் ஒருவர் இருந்தார். இரண்டு வருடம் தினமும் வந்து பதில் எழுதினார். எங்களிடம் ஒரு பைசா வாங்கியதில்லை. பிறகு வருவதை நிறுத்திவிட்டார். நான் அதைக் கவனிக்கவே மூன்று வாரம் ஆனது, அது தனி வெட்கம். ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டு எழுதினேன். அவரே கூப்பிட்டார்.

"கோபமெல்லாம் இல்லைங்க. அந்த டைம்-அவுட் பக்கைப் பத்தி நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் 'டீமிடம் சொல்லியிருக்கிறேன், நன்றி'ன்னு பதில் போட்டீங்க. நன்றி எதுக்கு? அது என்ன ஆச்சுன்னு ஒரு வரி போதும். 'செய்யமாட்டோம்'னு சொல்லியிருந்தாக்கூட சரின்னு விட்டிருப்பேன்."

அந்தக் கோளாறைச் சரிசெய்வதில்லை என்று உள்ளே பல மாதங்களுக்கு முன்பே முடிவாகியிருந்தது. எனக்கும் தெரியும். நேராகச் சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு நன்றி போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அவருக்கு ஒரு டி-ஷர்ட் வேறு அனுப்பியிருந்தோம்.

இப்போது குழுவில் வரும் கோரிக்கைகளுக்கு எல்லாரும் பார்க்கும்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். செய்கிறோம், யோசிக்கிறோம், செய்யமாட்டோம், ஏன் செய்யமாட்டோம். 'செய்யமாட்டோம்' என்று வெளிப்படையாக எழுதினால் சண்டைக்கு வருவார்கள் என்று உள்ளே பெரிய பயம் இருந்தது. இரண்டு மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் காரணத்தைப் படித்துவிட்டு, அப்படியானால் நாங்கள் வேறு வழி பார்த்துக்கொள்கிறோம் என்று மாற்று வழியையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அந்த மனிதர் மட்டும் திரும்பி வரவில்லை. பட்டியலின் இணைப்பை அவருக்கு அனுப்பினேன். 'நல்லா இருக்கு' என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு புதியவருக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். டாலர் குறி இருந்த இடத்தைச் சுலபமாகத் தாண்டினார். ஏபிஐ சாவியைப் போட வேண்டிய இடத்தில், இரண்டு முனை அடைப்புகளுக்கு நடுவே 'உங்கள் சாவி' என்று நாங்கள் எழுதியிருந்தோம். உள்ளே இருந்த எழுத்தை மட்டும் அழித்துத் தன் சாவியை ஒட்டினார். அடைப்புகள் அப்படியே இருந்தன. 401 வந்தது, சாவி செல்லவில்லை என்று சொல்லும் எரர் எண். சாவியை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார், பிறகு புதுச் சாவி ஒன்று எடுத்து ஒட்டினார். மறுபடியும் 401. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடைப்புகளை எடுத்துவிட்டு ஓட்டினார், போனது. அப்படியே நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"இந்த அடைப்பை ஏங்க போட்டிருக்கீங்க?"

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். "எல்லாரும் அப்படித்தாங்க போடுவாங்க" என்றேன்.