பாடப்புத்தகத்தில சவப்பெட்டி இருந்தது

கிளிநொச்சியில இருந்து வெளிநாட்டு வேதாகமக் கோர்ஸ் ஒண்டுக்கு ஒருங்கிணைப்பாளரா வேலை செய்யிறன். பேர்தான் பெரிசு, போட்டோகொப்பி எடுத்து மோட்டச்சைக்கிள்ல பரந்தன், தருமபுரம், அக்கராயன் எண்டு கொண்டுபோய்க் குடுக்கிறதும் சனிக்கிழமை வகுப்பு வைக்கிறதும் விடைத்தாள அனுப்பிறதும்தான் வேலை. பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில தங்கிப் படிக்க ஏலாத ஆக்கள்தான் எங்கட பிள்ளையள், தோட்டக்காரர், கடைக்காரர், முன்பள்ளி ரீச்சர்மார். அந்தக் கல்லூரி தொடங்கின 1963லதான் குவாத்தமாலாவில இப்பிடி ஊரில இருந்தே படிக்கிற முறையும் தொடங்கினதாம்.

போன வருசம் ஆறுதல் ஊழியம் பாடம். துக்கவீட்டில என்ன கதைக்கிறது, பெட்டி மூடேக்க எந்த வசனம் வாசிக்கிறது, எல்லாம் வடிவா எழுதிக்கிடக்கு. பின்னால இருந்த அக்கா ஒராள் கேட்டா, "தம்பி, பெட்டியே இல்லாட்டி?"

அவவின்ர மகன் 2009ல காணாமப் போனவன். 2017 பெப்ரவரியில கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில, காணாமப் போன பிள்ளையள் எங்க எண்டு கேட்டுத் தாய்மார் போராட்டமாக் குந்தினதில இருந்து அவவும் போய் இருக்கிறவ. செத்திட்டானெண்டு ஜெபிச்சா நானே கொண்டமாதிரி, இருக்கிறானெண்டு ஜெபிச்சா சனம் விசர் எண்டுது, என்னண்டு ஜெபிக்கிறது எண்டா. எனக்கு வாய் வரேல்ல. பேந்து அவவே 2 சாமுவேல் 21 எடுத்தா, சவுல் ராசாவின்ர மறுமனையாட்டி ரிஸ்பாள் கன்மலையில இரட்டுத்துணியை விரிச்சு, மழை பெய்யும்வரைக்கும் கொல்லப்பட்ட பிள்ளையளின்ர உடலுகளுக்குக் காவல் இருந்த கதை. "அவளுக்குக் காக்க உடம்பாவது கிடந்தது" எண்டா.

அதையே ரெண்டு பக்கத்தில எழுதித் தந்தா. வெளியில இருந்து மார்க் வந்தது, பாஸ் இல்ல, மேற்கோள் நூல் காட்டேல்லையாம். கிளிநொச்சியில எந்த நூலகத்தில போய் அவ ரிஸ்பாளைப் பற்றி நூல் தேடுறது?

அவையள முழுசாக் குறை சொல்லவும் ஏலாது, அந்த வெளிநாட்டுக் காசு இல்லாட்டி போட்டோகொப்பியும் இல்ல. 1958ல சர்வதேச மிஷனரி மன்றத்து ஆக்கள் கானாவில கூடி, ஆசியா ஆபிரிக்கா இறையியல் கல்லூரியளுக்கெண்டு 40 லட்சம் டொலர் நிதி தொடங்கினவை, அதின்ர பலன் உலகம் முழுக்க இருக்கு. அந்த நிதியை நடத்தின தைவான்காரர் ஷோக்கி கோ 1972லயே, இறையியல் அந்தந்த மண்ணின்ர நிலைமையோட பேசோணும் எண்டு சொல்லிப்போட்டார். எங்கட கோர்ஸில அவரைப் பற்றி ஒரு பாடமே இருக்கு, மார்க் போடேக்க மட்டும் மறந்துபோகுது போல.

திருப்பிப் பாக்கச் சொல்லி மெயில் போட்டனான், பதில் இல்ல. அக்கா கவலைப்படேல்ல, இந்த முறை இன்னும் மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தா, எல்லாரும் கோயிலடியில பழக்கமான ஆக்கள். விண்ணப்பத்தில திருமணமானவர், விதவை எண்டு ரெண்டு பெட்டி. ஒருத்தி பேனையை வச்சுக்கொண்டு என்ர முகத்தையே பாத்தா. நான் பக்கத்தில மூண்டாவது பெட்டி ஒண்டு கீறிக் குடுத்தன்.