மூணாவது செமஸ்டர்ல என்ன இருக்குன்னு பாத்தியா?

போன வாரம் ராத்திரி பத்தரைக்கு சித்தி பையன் போன் பண்ணான், பி.எஸ்சி மேத்ஸ் ஃபைனல் இயர் எழுதி முடிச்சிட்டு ரிசல்ட்டுக்கு உக்காந்திருக்கான். "அக்கா, பி.ஜி என்ன பண்றதுன்னு நீயே சொல்லிரு, இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தலை சுத்துது"ங்கிறான். மாமா எம்.சி.ஏ-ங்கிறாராம், சித்தி பி.எட்-ங்கிறாங்களாம், எதிர் வீட்டு அங்கிள் டேட்டா சயின்ஸ்தான் இப்ப போகுதுங்கிறாராம். அந்த அங்கிளுக்கு ஸ்மார்ட்போன்ல ஒடிபி வந்தாலே என்னைத்தான் கூப்பிடுவாரு, அது வேற விஷயம்.

அவன்கிட்ட போன்ல ஒரு மணி நேரம் பேசினதை இங்கயும் எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு, ஏன்னா வருஷா வருஷம் மே மாசம் வந்தா யாராவது ஒருத்தர் இதையே கேக்குறாங்க. நானும் 2022-ல இதே மாதிரி முழி பிதுங்கி நின்னவதான்.

முதல்ல எங்க தெரு அக்கா கதையை சொல்லிடுறேன். நல்லா படிக்கிற அக்கா, பி.எஸ்சி மேத்ஸ்ல காலேஜ் ஃபர்ஸ்ட். பி.ஜி சேரும்போது ஒரு பிரைவேட் காலேஜ்ல "எம்.எஸ்சி மேத்ஸ்"னு வெறுமனே இல்லாம கூடவே ரெண்டு வார்த்தை ஒட்டி பேரு வச்ச கோர்ஸ் ஒண்ணு இருந்துச்சு, கேக்க நல்லா கெத்தா இருக்கும். ரெண்டும் ஒண்ணுதாம்மா, இதுல கம்ப்யூட்டரும் சேத்து வருது, வேல்யூ அதிகம்னு ஆஃபீஸ்ல சொல்லியிருக்காங்க, அக்காவும் சேந்துட்டாங்க. முடிச்சு, பி.எட் ரெண்டு வருஷம் முடிச்சு, ராப்பகலா படிச்சு கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல பிளஸ் ஒன், பிளஸ் டூ டீச்சர் ஆகுற பி.ஜி அசிஸ்டண்ட் எக்ஸாம்ல மார்க்கும் வாங்கிட்டாங்க. சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷனுக்கு ஃபைலை தூக்கிட்டு போனா, இந்த டிகிரியும் எம்.எஸ்சி மேத்ஸும் சமம்னு ஜி.ஓ, அதாவது அரசாணை, இருக்கான்னு கேட்டிருக்காங்க. ஈக்விவலன்ஸ்ங்கிற வார்த்தையையே அக்கா அன்னிக்குத்தான் முதல் தடவை கேட்டாங்களாம். அப்புறம் அந்த காலேஜுக்கும் சென்னைக்கும் அலைஞ்சதெல்லாம் பெரிய கதை, ஆனா அந்த லிஸ்ட்ல அவங்க பேரு வரல. சேத்துக்கிட்டவங்களுக்கு அட்மிஷன் ஒண்ணு கூடுச்சு, அக்காவுக்கு ரெண்டு வருஷம் போச்சு.

அதனால நான் யாரு கேட்டாலும் கோர்ஸை பின்னாடியிலேர்ந்து பாருங்கன்னுதான் சொல்லுவேன். படிச்சு முடிச்சு எந்த வாசல்ல போய் நிக்கப் போறீங்களோ, அந்த வாசல்ல ஒட்டியிருக்கிற நோட்டீஸை முதல்ல படிங்க. கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல பி.ஜி அசிஸ்டண்ட் ஆகணும்னா யு.ஜி, பி.ஜி ரெண்டும் ஒரே சப்ஜெக்ட்டா இருக்கணும், கூட பி.எட் வேணும். பி.எஸ்சி மேத்ஸ் முடிச்சிட்டு எம்.எஸ்சி-ல வேற சப்ஜெக்ட் தாவினா கிராஸ் மேஜர்னு ஓரமா நிக்க வச்சிடுவாங்க. காலேஜ் லெக்சரர் ஆகணும்னா எம்.எஸ்சி-ல 55 பர்சன்ட், அதுக்கு மேல நெட் இல்லன்னா செட்ங்கிற தகுதித் தேர்வு, அதுவும் இல்லன்னா பிஎச்.டி வேணும், ரிசர்வேஷன்ல வர்றவங்களுக்கு 50 போதும். மேத்ஸுக்கு யு.ஜி.சி நெட் கிடையாது, சி.எஸ்.ஐ.ஆர் நெட்டுதான், இதுகூட தெரியாம எம்.எஸ்சி ஃபைனல் இயர் வரைக்கும் வந்த பசங்களை நான் பாத்திருக்கேன். பழைய நோட்டிஃபிகேஷன் பி.டி.எஃப் எல்லாம் நெட்லயே கிடக்கு, டவுன்லோடு பண்ணி எலிஜிபிலிட்டின்னு இருக்கிற அந்த ஒரு பக்கத்தை மட்டும் படிச்சா போதும்.

சரி, என் கதை.

எனக்கு மேத்ஸ் புடிக்கும்னு நான் நெனச்சிட்டு இருந்தேன். நல்லா மார்க் வாங்குவேன், அதைத்தான் புடிக்கும்னு நெனச்சிருக்கேன்னு ஜாம் எக்ஸாமுக்கு படிக்க உக்காந்தப்பதான் தெரிஞ்சுது. ஐ.ஐ.டி-ல எம்.எஸ்சி சேரணும்னா எழுதுற எக்ஸாம் அது, பிப்ரவரியில நடக்கும், 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். எங்க காலேஜ்ல லக்ராஞ்ச் தேற்றம் 10 மார்க் கேள்வி, கண்டிப்பா வரும்னு சார் நட்சத்திரம் போட்டு குடுத்திருந்தாரு, அதை தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் கமா ஃபுல்ஸ்டாப் விடாம ஒப்பிப்பேன். அந்தத் தேற்றமே குரூப்ங்கிற கணித அமைப்பைப் பத்தினதுதான், ஆனா ஒரு குரூப்பை கையில எடுத்து அதுல என்ன இருக்குன்னு ஒரு நாள்கூட பாத்ததில்ல. ஜாம்ல தேற்றத்தை எழுதச் சொல்ல மாட்டான், நாலு வாக்கியம் குடுத்து இதுல எதெல்லாம் சரின்னு கேப்பான், ரெண்டு சரியா இருக்கிற இடத்துல ஒண்ணை மட்டும் டிக் பண்ணா சுழிதான்.

அப்ப பழைய கேள்வித்தாள் ஒண்ணு போட்டுப் பாத்தேன், பாதிகூட தேறல. அன்னிக்கு கடுப்புல தினசரி காலண்டர்ல கிழிச்சு வச்ச தாளை எல்லாம் எடுத்து, பின்பக்கம் எஸ் த்ரீ குரூப்புக்கு டேபிள் போட ஆரம்பிச்சேன். மூணு பொருளை இடம் மாத்தி மாத்தி வைக்கிறதுக்கு ஆறு வழி, ஆறுக்கு ஆறு 36 கட்டம், ஒரு மாத்தலுக்கு அப்புறம் இன்னொண்ணு பண்ணா என்ன வருதுன்னு ஒவ்வொரு கட்டமா நிரப்பணும். அப்பத்தா வந்து எட்டிப் பாத்துட்டு "என்னடி ஜாதகக் கட்டமா போடுற, இத்தனை வீடா இருக்கு"ன்னாங்க. இருபதாவது கட்டம் பக்கத்துல வரும்போதுதான் கவனிச்சேன், இதை முதல்ல பண்ணி அதை அப்புறம் பண்ணா வர்றது ஒண்ணு, மாத்திப் பண்ணா வேற ஒண்ணு. புக்ல நான்-அபீலியன்னு எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அன்னிக்கு என் கையெழுத்துலயே அது வந்து நிக்குது. கூட்டல்ல அஞ்சும் மூணும் எப்படி வச்சாலும் எட்டுதானே, அது எல்லா இடத்துலயும் நடக்காதுன்னு ஒரு காலண்டர் தாள்ல பாத்துட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வரல. மேத்ஸ்லயே போலாம்னு முடிவு பண்ணது அந்த ராத்திரிதான்னு இப்ப தோணுது, ரேங்க்கிங் லிஸ்ட்டு எதையும் பாத்து இல்ல.

ஜாம்ல நல்ல ரேங்க் வரல, சொல்லிடுறேன். மதுரை சென்டர்ல எழுதினேன், ஸ்கிரீன்ல இருக்கிற கால்குலேட்டரை மவுஸால தட்டி தட்டியே பத்து நிமிஷம் போயிருக்கும். சிறுசேரியில இருக்கிற சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் என்ட்ரன்ஸும் எழுதினேன், அதுல நிரூபணம் எழுதச் சொல்லுவாங்க, நமக்கு நிரூபணம்னா ஒப்பிக்கிறதுன்னு பழக்கம், அங்க புதுசா யோசிக்கணும், பேப்பரை வச்சிட்டு ஜன்னலை பாத்துட்டு வந்தேன். அந்த வருஷம்தான் சி.யு.இ.டி பி.ஜி-ன்னு சென்ட்ரல் யுனிவர்சிட்டிகளுக்கு புதுசா ஒரு எக்ஸாம் வந்துச்சு, பாண்டிச்சேரி, திருவாரூர், ஹைதராபாத் எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும், இப்ப படிக்கிற பசங்க அதை விட்டுடாதீங்க, ஃபீஸும் கம்மி.

இதுக்கு நடுவுல அப்பா ஒரு பிரைவேட் யுனிவர்சிட்டியில டேட்டா சயின்ஸுக்கு விசாரிச்சிட்டு வந்துட்டாரு. அப்பா பஸ் கண்டக்டர், பஸ்ல ஏறின யாரோ சொல்லியிருக்காங்க. பேங்க்ல எஜுகேஷன் லோன் 4 லட்சம் வரைக்கும் நாம கையில பணம் போட வேண்டாம், 7.5 லட்சம் வரைக்கும் சொத்து பத்திரம் வேண்டாம், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுதான் கட்டணும்னு எல்லாத்தையும் பஸ் டிக்கெட் பின்னாடி எழுதிட்டு வந்திருந்தாரு. அந்த ஒரு வருஷத்துக்கும் படிக்கிற காலத்துக்கும் வட்டி சும்மா இருக்காது, ஓடிட்டே இருக்கும்னு மட்டும் டிக்கெட்ல எழுதல. நான் அந்த கோர்ஸ் சிலபஸை எடுத்து மூணாவது செமஸ்டரை பாத்தேன்.

ஏன் மூணாவதுன்னா, முதல் செமஸ்டர் எங்கயும் ஒரே மாதிரிதான் இருக்கும், யு.ஜி-ல படிச்சதையே தூசி தட்டுவாங்க. நாலாவதுல ப்ராஜெக்ட்டு. அந்த கோர்ஸ்ல உண்மையா என்ன சொல்லித் தர்றாங்க, அதை நடத்த ஆள் இருக்காங்களான்னு தெரியறது மூணாவதுலதான், நாமளே தேர்ந்தெடுக்கிற எலெக்டிவ் பேப்பர் எல்லாம் அங்கதான் வரும். சிலபஸ்ல பத்து எலெக்டிவ் போட்டிருப்பாங்க, நிஜத்துல ரெண்டுதான் நடக்கும், அதையும் அந்த ரெண்டு சாருக்கு எது வருமோ அதைத்தான் வைப்பாங்க. இதை தெரிஞ்சுக்க ஒரே வழி, அங்க ரெண்டாவது வருஷம் படிக்கிற யாரையாவது புடிச்சு கேக்குறதுதான். நான் ஒரு அண்ணனை தேடிப் புடிச்சு கேட்டேன், "மூணாவது செம் பாதி வீடியோ போட்டு ஓட்டினாங்கம்மா, அந்த வீடியோ யூடியூப்ல ஃப்ரீயா இருக்கு"ன்னாரு. அப்பாகிட்ட அதை அப்படியே சொன்னேன், டிக்கெட்டை மடிச்சு பாக்கெட்ல வச்சிட்டாரு. டேட்டா சயின்ஸ் கோர்ஸே மோசம்னு சொல்ல வரல, நல்லா நடத்துற இடமும் இருக்கு, புள்ளியியல் ஒழுங்கா சொல்லித் தர்ற இடமா பாத்து சேருங்க.

எம்.சி.ஏ பத்தி ஒரு வார்த்தை. முன்னாடி அது 3 வருஷம், 2020-21-லேர்ந்து 2 வருஷம் ஆயிடுச்சு, டான்செட்ங்கிற என்ட்ரன்ஸ் எழுதி கவுன்சிலிங்ல போனா செலவும் பெருசா ஆகாது. என் க்ளாஸ்மேட் ஒருத்தி அதுலதான் போனா, எங்க செட்லயே முதல்ல சம்பளம் வாங்கினது அவதான். கோடிங் புடிச்சா யோசிக்கவே வேண்டாம்.

நான் கடைசியில சேந்தது சேப்பாக்கத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட ராமானுஜன் இன்ஸ்டிட்யூட். பொண்ணை சென்னைக்கு அனுப்புறதான்னு வீட்டுல ஒரே பஞ்சாயத்து, அப்பத்தாதான் ரொம்ப முரண்டு. அப்புறம் நான் சொன்னேன், அப்பத்தா அது நம்ம கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1950-ல ஆரம்பிச்சு வச்சது, 1957-ல அவரு போனப்புறம் பணம் இல்லாம மூடற நிலைமை வந்து, சந்திரசேகர்னு ஒரு பெரிய விஞ்ஞானி நேருகிட்டயே எடுத்துச் சொல்லித்தான் யுனிவர்சிட்டி எடுத்துக்கிச்சுன்னு. நேரு கீரு எல்லாம் அப்பத்தா காதுல விழல. "வள்ளல் வச்ச பள்ளிக்கூடமா, அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, போகட்டும்"னுட்டாங்க. காரைக்குடி பக்கம் அந்தப் பேருக்கு இன்னும் அவ்வளவு மரியாதை.

மேத்ஸ்தான்னு இருக்கிறவங்களுக்கு இன்னும் ஒண்ணு, எம்.டி.டி.எஸ்னு மேத்ஸுக்குன்னே ஒரு சம்மர் கேம்ப் இருக்கு, 1993-லேர்ந்து நடக்குது, யு.ஜி படிக்கும்போதே அப்ளை பண்ணலாம். அங்க ஃபார்முலாவை மனப்பாடம் பண்ண விடவே மாட்டாங்க, கேள்வியா கேட்டு கொன்னுடுவாங்க. எனக்கு இது எம்.எஸ்சி சேந்தப்புறம்தான் தெரிஞ்சுது, இன்னிக்கும் வயித்தெரிச்சல்.

இப்ப நான் என்ன பண்றேன்னு கேக்காதீங்க, சி.எஸ்.ஐ.ஆர் நெட்டுக்கு படிச்சிட்டே டியூஷன் எடுத்துட்டு இருக்கேன்.

இது அத்தனையும் தம்பிகிட்ட ஒரு மணி நேரம் மூச்சு விடாம சொல்லிட்டு, "சரிடா, உனக்கு மேத்ஸ்ல எது புடிக்கும், ஆல்ஜிப்ராவா அனாலிசிஸா"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அக்கா, எனக்கு மேத்ஸே புடிக்காதுக்கா. பி.காம் சீட்டு கிடைக்கல, அதான் இதுல போட்டாங்க"ன்னான்.

ஒரு மணி நேரம்! தலையில அடிச்சுக்கிட்டேன். அப்ப என்னதான்டா புடிக்கும்னு கேட்டா என்.எஸ்.எஸ் கேம்ப்ல ஒரு கிராமத்துல ஏழு நாள் இருந்தது, வீடு வீடா போய் கணக்கெடுத்தது, ஒரு பாட்டிக்கு முதியோர் பென்ஷன் ஃபார்ம் எழுதிக் குடுத்ததுன்னு அரை மணி நேரம் அவன் பேசினான், மூணு வருஷத்துல அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. எம்.எஸ்.டபிள்யூ-ன்னு ஒண்ணு இருக்குடா, சமூகப் பணிக்கான பி.ஜி, எந்த டிகிரி முடிச்சவங்களும் சேரலாம், எழும்பூர்ல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-லேர்ந்து இருக்குன்னு சொன்னேன். மணி அப்ப பன்னெண்டு.

நேத்து வாட்ஸப்ல ஒரு காலேஜ் எம்.எஸ்.டபிள்யூ சிலபஸ் அனுப்பியிருந்தான், மூணாவது செமஸ்டர் பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து. வாரத்துல ரெண்டு நாள் ஃபீல்ட் வொர்க்னு இருந்த வரியை சிவப்புல வட்டம் போட்டிருக்கான். கீழ ஒரு கேள்வி: "அக்கா, இதை சித்திகிட்ட யாரு சொல்றது?" அவங்க அம்மாவை எனக்கு சித்தின்னு போட்டதுலேர்ந்தே தெரியுது, சொல்ல வேண்டியது நான்தான்.