ரூஸ்வெல்ட் ஹோட்டலில் பொன்னி அரிசி

காலை எட்டரைக்கு வீடியோ கால். அங்கே, அமெரிக்காவில், முந்தின நாள் ராத்திரி எட்டு மணி. சித்தப்பா முகத்தைக் காணோம், திரை முழுக்க ரைஸ் குக்கர்.

"டேய், லைட் எரியுது. கொதிக்க மாட்டேங்குது."

தங்கியிருப்பது ஹாலிவுட் ரூஸ்வெல்ட்டில். 1927இல் திறந்த ஹோட்டல், பணம் போட்டவர்களில் அந்தக் கால மௌனப் பட நட்சத்திரங்கள் டக்ளஸ் ஃபேர்பாங்ஸும் மேரி பிக்ஃபோர்டும் உண்டு. எதிர்ச்சாரியில் சைனீஸ் தியேட்டர் என்ற பேர்போன சினிமாக் கொட்டகை. மர்லின் மன்றோ பெரிய ஸ்டார் ஆவதற்கு முன் இரண்டு வருஷம் போலக் குடியிருந்த இடம். நீச்சல் குளத்தின் தரையில் ஓவியர் டேவிட் ஹாக்னி தூரிகை பிடித்து நீல நீலமாக வளைத்து வைத்திருக்கிறார். மாப்பிள்ளை ஆசையாக ரூம் போட்டுக் கொடுத்தால், மனுஷன் பெட்டியில் பொன்னி அரிசி, மாவடு, 700 வாட் குக்கர்.

"அடாப்டர் போட்டிருக்கேனேடா!"

அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? நம்ம ஊரில் 230 வோல்ட், அங்கே 120. வோல்டேஜ் பாதியானால் சூடு பாதியாகாது, கால்வாசியாகிவிடும். 700 வாட் குக்கர் அங்கே வெறும் 190 வாட். ஓர் ஆழாக்கு அரிசிக்கு மூன்று ஆழாக்கு தண்ணீர் வைத்தால் கொதி வரவே அரை மணி ஆகும். அதற்குள் அரிசி வெதுவெதுப்பில் ஊறிக் குழைந்துவிடும். பாத்திரத்துக்கு அடியில் இருக்கும் காந்தம், தண்ணீர் வற்றிச் சூடு 100 டிகிரியைத் தாண்டினால்தான் 'டக்'கென்று பிடியை விட்டுக் குக்கரை அணைக்கும். இங்கே வற்றினால்தானே!

அதே ஹோட்டலின் ப்ளாசம் ரூமில் 1929 மே 16 அன்று முதல் ஆஸ்கர் விழா நடந்தது. டிக்கெட் 5 டாலர். பரிசு கொடுக்க எடுத்துக்கொண்டது கால் மணி நேரம். ஜெயித்தவர்கள் யார் என்று மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டதால் கவரைப் பிரித்து இழுத்தடிக்கிற வேலையும் இல்லை. சித்தப்பா குக்கரை ஆன் பண்ணிவிட்டுப் போயிருந்தால் முழுசாகப் பார்த்துவிட்டு வந்தும் காத்திருந்திருக்கலாம்.

போகிறவர்கள் லேபிளைப் பாருங்கள். '100–240' என்று இருந்தால் தைரியமாகச் சொருகலாம், போன் சார்ஜர் எல்லாம் அப்படித்தான். குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸில் '230' என்று மட்டும் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரூமில் காபி மெஷின் இருந்தால் போதும். தூள் போடாமல் ஒரு தடவை ஓட்டி அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே காபி வாசம் அடிக்கும். அடுத்த தண்ணீரைக் கெட்டி அவலில் விட்டு, பத்து நிமிஷம் மூடி வைத்தால் சாப்பாடு ரெடி. ரூமில் சமைக்கக் கூடாது என்று பெரும்பாலான ஹோட்டல்களில் விதியே உண்டு. ஆவி மேலே போனால் ஸ்மோக் அலாரமும் அலறும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பின்னாலிருந்து சித்தி, "கஞ்சின்னு நினைச்சுச் சாப்பிடுங்க" என்று மாவடுவை எடுத்து வைத்தாள்.

இன்று காலை ஒரு போட்டோ வந்திருக்கிறது. அமெரிக்க குக்கர், 120 வோல்ட், 400 வாட். "பாதி விலைடா, ஊருக்கு வாங்கிட்டேன்!"

நம்ம ஊர் பிளக்கில் அது 1,470 வாட். சித்தியைத்தான் கூப்பிட்டுப் பேச வேண்டும்.