பிழை விட்டனானா இல்லையா

"அக்கா, இப்ப நான் பிழை விட்டனானா இல்லையா?" எண்டு ஒஃபிஸில எனக்குக் கீழ வேலை செய்யிற பிள்ளை கேட்டது இன்னும் காதுக்குள்ள நிக்குது. அதுக்கு முதல் நான் ஒரு பத்து நிமிஷம் கதைச்சிருப்பன். உங்கட சிங்களக் கடிதங்கள் நல்ல தெளிவு, கிளையன்ட்ஸ் உங்களைத்தான் கேட்டு எடுக்கினம் எண்டு தொடங்கி, நானும் வந்த புதுசில என்னென்ன கூத்தடிச்சனான் எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லி, கடைசியாத்தான் இன்வொய்ஸுக்கு வந்தன். 2024 ஜனவரியில வற் வரி 15 வீதத்தில இருந்து 18 ஆகின நேரம், அவ போட்ட நாலு இன்வொய்ஸ் பழைய வீதத்திலயே வெளியில போயிட்டுது. விஷயம் அவ்வளவுதான்.

அப்பிடிக் கதைக்கிறது என்ர பழக்கமே இல்லை. 101 பஸ்ஸில, கோல் றோட் ட்ரஃபிக்குக்குள்ள, ட்ரைவர் போடுற பைலாவை மீறிக் கேக்க வேணும் எண்டு ஹெட்செட்டை ஃபுல் சவுண்டில வச்சுக் கேட்டது அது. டேல் கார்னகி 1936இல எழுதின புத்தகத்தின்ர ஓடியோ. ஒருத்தரைத் திருத்த வேணுமெண்டா முதல்ல பாராட்டு, பிறகு உன்ர பிழையைச் சொல்லு, அதுக்குப் பிறகுதான் அவையின்ர பிழை எண்ட மாதிரி. கேக்கேக்க இவ்வளவு நாளும் இது தெரியாமப் போச்சே எண்டுதான் இருந்தது.

இந்த முன்னேற்றப் புத்தகங்களை நான் எப்பவும் ஒன்றரை ஸ்பீடில விட்டிடுவன். சுயசரிதை எண்டா அப்பிடி மனம் வராது. மிஷேல் ஒபாமா தன்ர கதையைத் தானே வாசிச்சது கிட்டத்தட்ட 19 மணித்தியாலம், 2020இல கிராமியும் கிடைச்சது, அதில ஒரு நிமிஷம் கூட ஓட விடேல்ல, அவ அப்பாவின்ர வருத்தத்தைப் பற்றிச் சொல்லேக்க கொள்ளுப்பிட்டியில இறங்காமலே போயிட்டன். கார்னகி 1955இலயே செத்திட்டார். அவர் எழுதினதை வேற ஆரோ வாசிக்க, அதை நான் ஓட்டிக் கேட்டு, அதைக் கொண்டு போய் அந்தப் பிள்ளைக்கு முன்னால வச்சிருக்கிறன். அவவுக்கு விளங்காமப் போனதில என்ன அதிசயம்?

ஆனா மிஷேல் ஒபாமாவும் ஸ்டூடியோவுக்குள்ள இருந்து எழுதினதைப் பாத்துத்தானே வாசிச்சிருப்பா, அது எனக்குப் பொய்யாப் படேல்லையே. நான் பாராட்டினதும் பொய் இல்லை, அவவின்ர கடிதங்கள் உண்மையிலயே திறம். இதெல்லாம் சாட்டுத்தான் எண்டும் எனக்குத் தெரியும். ஏனெண்டா உண்மையான அந்தப் பாராட்டைத்தான் நான் பழுதாக்கி வச்சிருக்கிறன். இப்ப 'நல்லா செய்திருக்கிறீங்க' எண்டு வாயெடுத்தாலே அவ பேனையை வச்சிட்டு, அடுத்தது என்ன வரப்போகுது எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறா.

கொஞ்ச நாள் கழிச்சு டீ குடிக்கேக்க நானாவே அதைத் தொடங்கினன். "நேரா ஏசியிருந்தா அண்டைக்கே மறந்திருப்பன் அக்கா" எண்டு சொன்னா. நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிட்டு வந்திட்டன். அது உண்மையா எண்டு தெரியேல்ல. என்ர முதல் மனேஜர் எல்லாருக்கும் முன்னால நேராத்தான் ஏசினவர், நான் வோஷ்ரூமுக்குள்ள போய் நிண்டு அழுதனான், ஆராவது எனக்குக் கீழ வேலை செய்தா இப்பிடி நடத்த மாட்டன் எண்டு அதுக்குள்ளயே நினைச்சதும் ஞாபகம் இருக்கு. இப்ப 11 வருஷம். அவர் சொன்ன சொல்லெல்லாம் அப்பிடியே நிக்குது, அண்டைக்கு நான் கட்டியிருந்த சாரியின்ர நிறமும் கூட. என்ன பிழை விட்டனான் எண்டதுதான் எவ்வளவு யோசிச்சும் வருகுதில்லை.